பிடிச்சுக்கிட்டா நடக்கும்

நேர்காணல் தொடங்கும் முன்பே வியர்வையில் அவருடைய சட்டை நனைந்துவிட்டது. இதுவும் கைநழுவினால் ரோபோ ஆய்வுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உளறிக் கொட்டாதீங்க,” என்று போனில் எச்சரித்தாள் மனைவி.

உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே தூக்கிவாரிப் போட்டது.

“உங்க ரோபோ நடக்குமா?”

“நடக்கும்... பிடிச்சுக்கிட்டா.”

“எல்லாரும் கம்ப்யூட்டருக்கு ஓடுறாங்க. எலெக்ட்ரிக்கல்ல என்ன எதிர்காலம் இருக்கு?”

“தெரியலைங்க. ஆனா, அது முதல் அடி எடுத்து வெச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல.”

எதிரே குறிப்பேடு மூடப்பட்டது.

“மத்த பேராசிரியருங்க எல்லாம் நல்லா அளந்து விட்டாங்க சார். நான் உங்ககிட்டயே பிஎச்.டி. சேர்ந்துக்கிறேன்,” என்றாள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மாணவி.

பேராசிரியருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இனி, படிக்க ஆள் இல்லை என்று அவருடைய ஆய்வகத்தை யாரும் பூட்ட மாட்டார்கள்.