எழுந்து நின்ற தேங்காய்

மருதையனின் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. வரப்பில் நின்ற கோவிந்தராசு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இங்கதாங்க நீரோட்டம். நூத்திருபது அடியில நல்ல தண்ணி. அதுக்குக் கீழ போனா உப்பு" என்றார் மருதையன், மூடிய கண்ணைத் திறக்காமலே.

உப்பு என்றாலே கோவிந்தராசுவுக்குப் பயம். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை நிலம். போன வருஷம் போட்ட போரில் உப்புத் தண்ணீர் வந்து பயிர் மொத்தமும் கருகிவிட்டது. இந்த முறையும் தவறினால் நிலத்தை விற்றுவிட்டு சிங்கப்பூருக்கே வந்துவிடுவதாக மகன் ராஜ்குமாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மகனின் அடுக்குமாடி வீட்டில் இரண்டு நாள்கூட அவரால் இருக்க முடியாது.

மகன் அங்கிருந்தே ஏற்பாடு செய்து, அன்று காலையில் வானதி என்ற பெண்ணை அனுப்பியிருந்தான். அவள் வயலெங்கும் கம்பி அடித்து, ஒயர் இழுத்து, ஒரு பெட்டியிலிருந்து மண்ணுக்குள் கரண்டு விட்டு ஏதோ எண்களைக் குறித்துக்கொண்டாள்.

"என்னம்மா படிச்சிருக்கே?"

"அப்ளைடு பிசிக்ஸுங்க. எம்.எஸ்சி."

"ஏம்மா, அதுக்கு வேற வேலை ஒண்ணும் கெடைக்கலியா?"

"இதாங்க வேலை. தண்ணி எங்க இருக்குன்னு சொல்லட்டுங்களா?"

"வேணாம் தாயி, கேட்டா மனசு கொழம்பிடும். தேங்கா வச்சுப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

வானதி கோபித்துக்கொள்ளவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டே, மருதையனின் நம்பரை அவளே கொடுத்துவிட்டுப் போனாள். படித்த பெண்ணுக்கே தேங்காயில் நம்பிக்கை வந்துவிட்டதென்று கோவிந்தராசுவுக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் போர் போட்டார்கள். மருதையன் கூடவே நின்று நூற்றிருபதில் நிறுத்தச் சொன்னார். பீறிட்டு வந்த தண்ணீரைக் கோவிந்தராசு அள்ளிக் குடித்துப் பார்த்தார். அப்புறம் சிங்கப்பூருக்குப் போன் போட்டார்.

"நல்ல தண்ணிடா. ஒன் பெட்டியத் தூக்கி ஒடப்புல போடு. நான் எங்கயும் வரல."

மருதையனுக்குப் பெரிய ரோஜா மாலையாகப் போட்டு அனுப்பிவைத்தார்.

தெரு முனையில் வானதி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். மருதையன் மாலையைக் கழற்றாமலே பின்னால் ஏறிக்கொண்டார்.

"நீ அளந்து சொன்ன அதே அடி வானதி, கொஞ்சம்கூடப் பிசகல."

அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"ஒரே கிளாஸ்ல பிசிக்ஸ் படிச்சிட்டு, மாலை மட்டும் ஒனக்கா? நாளைக்கு நான் தேங்கா பிடிக்கிறேன், பெட்டிய நீ தூக்கு."