வேர் அங்கே, கிளை இங்கே

"வேர் உங்க பக்கம் இருக்கு சார். மரம் உங்களுதுதான்."

"விழப்போறது உங்க பக்கம் சார். அப்ப நீங்கதான் வெட்டணும்."

உமாமகேஸ்வரி இரண்டு அதிகாரிகளுக்கும் டீயை ஆற்றி நீட்டினாள். கீழவாஞ்சூர் எல்லையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் போன வாரக் காற்றில் கவட்டையோடு பிளந்துவிட்டது. வேர் காரைக்கால் மண்ணில். கிளையெல்லாம் சாய்ந்து நின்றதோ தமிழ்நாட்டில், சரியாக அவளுடைய டீக்கடைக் கூரைக்கு மேலே. வெட்டுவதற்கு இரண்டு பக்க ஆபீஸிலும் உத்தரவு வேண்டும். நாலு நாள் அலைந்து இன்றைக்குத்தான் இரண்டு பேரையும் ஒன்றாக வரவழைத்திருந்தாள். நாளைக்குப் பலத்த காற்றாம். கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"சார், சண்டையைத் தள்ளி நின்னு போடுங்க. மரத்துக்கு அடியில உக்காராதீங்க" என்றார் மரம் வெட்டும் மாரிக்கண்ணு. கயிறும் ரம்பமுமாகக் காலையிலிருந்தே சாலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார். "பிளந்த மரம் நாம நினைச்ச பக்கம் விழாது. கிளை கிளையா கயித்துல கட்டித்தான் இறக்கணும்."

"பத்து நிமிஷம்தாம்ப்பா" என்றார் தமிழ்நாட்டுப் பக்க அதிகாரி அன்பழகன், பெஞ்சை விட்டு அசையாமல். "பிஸ்கட் இருக்காம்மா?"

"இருக்கு சார். கடை இருக்கிறவரைக்கும் இருக்கும்."

காரைக்கால் பக்க அதிகாரி நவநீதன் அவரை மிஞ்சினார். "நான் சும்மா ஒத்துக்க மாட்டேன் சார். எல்லைக்கல்லுலேருந்து மரம் எத்தனை அடின்னு அளந்துட்டு வந்து பேசுறேன்" என்று எழுந்தார்.

உமாமகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்லு எந்திரிச்சு ஓடாது சார். மரந்தான் இறங்கி வந்துடும்!"

அவர் காதில் வாங்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். இதுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று அவள் அலுத்துக்கொண்ட நேரத்தில், மடார் என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று.

"ஐயோ, மரம் முறியுது! ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தியபடி நவநீதன் பின்னாலிருந்து ஓடி வந்தார்.

அன்பழகன் பாதி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் சாலையைத் தாண்டினார். உமாமகேஸ்வரியும் அலறிக்கொண்டு ஓடினாள். நின்றிருந்த நிலக்கரி லாரியின் மறைவில் மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள்.

"எங்கம்மா அந்த உத்தரவு பேப்பர்? குடு, குடு!" அன்பழகன் அங்கே நிறுத்தியிருந்த தன் பைக்கின் சீட்டிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார், திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். மாரிக்கண்ணு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"உங்க கையெழுத்து சார்?" உமாமகேஸ்வரி நவநீதனிடம் வெடுக்கென்று கேட்டாள். "இல்ல, இன்னும் அளக்கணுமா?"

நவநீதன் பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. தேதி திங்கட்கிழமை. அவள் முதன்முதலாக மனு கொடுத்த நாள்.

"அன்னைக்கே போட்டுட்டீங்களா! அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு சண்டை?"

"நான் முதல்லயே சரின்னா, 'அப்ப நீங்களே பாத்துக்குங்க'ன்னு அவரு வண்டியை எடுத்துடுவாரு அக்கா" என்றவர், கையில் ஒட்டியிருந்த மரப்பட்டைத் தூளைத் தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்: "கடைக்குப் பின்னால அடுப்புக்கு வெச்சிருந்த சவுக்குக் கம்புல ரெண்டை எல்லைக்கல்லுல வெச்சு ஒடிச்சுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."