பதினேழு வோல்ட்

“ரிலேதான்க்கா. கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டு வந்துடுங்க.” தேர்வு முடித்து வெளியே வந்தவன் அவள் காதைக் கடித்துவிட்டுப் போனான். அவனுக்கு முன்னால் போன நான்கு பேரும் ரிலே என்றுதான் எழுதினார்கள். தேறியும் விட்டார்கள்.

அவள்தான் கடைசி. பதினோரு வருஷமாக தேர்வு நடக்கும் அதே பணிமனையில் லாரி கழுவுகிறவள். ‘வாளியக்கா’ என்றால்தான் ஆளுக்குத் தெரியும். மெக்கானிக் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த மூன்றாவது முறையும் போனால் ஆயுசுக்கும் வாளிதான்.

தேர்வாளர் காதிலிருந்து போனை எடுக்காமலே லாரியைக் காட்டினார். “ஸ்டியரிங் மோட்டாருக்கு வோல்டேஜ் குறையுது. எங்கேன்னு கண்டுபிடி. அரை மணி நேரம்.”

மோட்டாரை ஓடவிட்டு, அதற்கு மின்சாரம் விடுகிற ரிலேயில் நேராக மீட்டரை வைத்தாள். இந்தப் பக்கம் இருபத்து நாலு வோல்ட். அந்தப் பக்கமும் இருபத்து நாலு. ரிலே கல்லு மாதிரி இருந்தது.

ஃப்யூஸைப் பார்த்தாள், பேட்டரி முனையைப் பார்த்தாள். எல்லாம் சரி. அதிலேயே இருபது நிமிஷம் கரைந்துவிட்டது.

பேசாமல் ரிலே என்றே எழுதிவிடலாமா? பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். மீட்டர் இல்லை என்கிறதை ஆமாம் என்று எழுத மனசு வரவில்லை.

மீட்டரின் நீள ஒயர்களை மோட்டாரில் மாட்டிவிட்டு, மீட்டரோடு கேபினில் ஏறினாள். ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒரேயடியாக ஒடித்தாள். பாரம் தாங்காமல் மோட்டார் முனகியது. இருபத்து நாலு, இருபது, பதினேழு.

கீழே குதித்து, மோட்டாரிலிருந்து மின்சாரம் திரும்புகிற எர்த் கேபிளைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் சுட்டது. உறையைக் கீறினால் உள்ளே ஒரே பச்சைக் களிம்பு. செம்புக் கம்பிகள் அறுந்துபோய் நாலைந்து இழைதான் மிச்சம்.

“நேரம் முடிஞ்சுது. என்ன கோளாறு?”

“எர்த் கேபிள் சார்.”

தேர்வாளரின் நெற்றி சுருங்கியது. “ரிலேயைப் பார்த்தியா?”

“பார்த்தேன் சார். நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கா?”

போச்சு என்று தெரிந்துவிட்டது. கேபிளைத் தூக்கிக் காட்டினாள். “சத்தியமா சார். நீங்களே தொட்டுப் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அந்த வண்டியில் லோடோடு மலையிறங்க வாசலில் காத்திருந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

“இன்னைக்கு இது மலையிறங்காது. லோடை வேற வண்டிக்கு மாத்திக்கோ.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் தேறலையா சார்?”

தேர்வாளர் சட்டைப் பையைத் துழாவி, கருகிப்போன ரிலே ஒன்றை வெளியே எடுத்தார். அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன் முறைக்கு இதை மாட்ட மறந்துட்டேன்மா. வண்டியில நான் கோளாறே வைக்கலை.”