தலையாட்டும் சம்பந்தி

மாப்பிள்ளைப் பையனின் அப்பா இவர்தான் என்று இருளப்பனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் குடை, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார் என்று தரகர் றோஸி அக்கா போனில் சொல்லியிருந்தாள். பம்பலப்பிட்டிக் கோவில் வாசலில் அந்த அடையாளத்தில் ஒருவர் சிரித்த முகமாக நின்றார்.

"றோஸி அக்கா சொன்னவங்கதானே?" என்று இருளப்பன் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க, ஆமாங்க" என்று அவர் முகமெல்லாம் பல்லாகக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் வந்த காரியத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. கோவிலில் வைத்துப் பெண் பார்க்கிறது என்றால் அப்படித்தான். தற்செயலாகச் சந்தித்த மாதிரி நாலு வார்த்தை பேச வேண்டும். பிடித்தால் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் சாமியைக் கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம்.

நாலு வார்த்தை பேசுவதில்தான் வில்லங்கமே. புறக்கோட்டை இரும்புக் கடையில் முப்பது வருஷமாக நிற்கிற இருளப்பனுக்குக் கருத்து இல்லாத விஷயம் என்று இந்தக் கொழும்பில் ஒன்றும் கிடையாது. மகள் மேனகாவுக்கு வந்த மூன்று சம்பந்தமும் அந்த வாயால்தான் போனது. முதல் பையனின் மாமாவிடம், ரக்பி விளையாட்டே இல்லை, பஸ்ஸுக்கு இடிபடுகிற கூட்டம் என்றார். மாமா ரக்பி கோச். அடுத்த பையனின் அத்தையிடம் வெள்ளவத்தை ஃப்ளாட் எல்லாம் புறாக்கூடு என்றார். அத்தை இருந்தது ஏழாம் மாடியில். மூன்றாவது இடத்தில் என்ன சொன்னார் என்பதை மனைவி ஜெயராணி இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு அப்படி நடக்கக் கூடாது. மேனகாவுக்கு முப்பத்தொரு வயது. இரத்மலானையில் வேலை செய்கிற இந்தப் பையனின் படத்தை அவள் போனில் திருப்பித் திருப்பிப் பார்த்ததை இருளப்பன் கண்ணாலேயே கண்டிருந்தார். காலையில் த்ரீவீலில் ஏறும்போது அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு. இன்னைக்கு மட்டும் அவங்க என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லிருங்க."

பெற்ற பிள்ளை அப்பனின் வாய்க்குப் பயந்து கெஞ்சுகிற நிலைமையா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சாமி சத்தியமாகத் தலையை மட்டும் ஆட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஆனால் தலையை ஆட்டுவதற்கு அந்த மனிதர் ஏதாவது சொல்ல வேண்டுமே. அவரோ இருளப்பனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நல்ல வெயில் என்றார் இருளப்பன். ஆமாங்க, கொளுத்துது என்றார் அவர். ஆனாலும் கடல்காற்று இருக்கிறது என்றார் இவர். ஆமாங்க, ஜிலுஜிலுன்னு இருக்கு என்றார் அவர்.

பிறகு பேச்சு கிரிக்கெட்டுக்கு வந்தது. இருபது ஓவர் ஆட்டம் வந்துதான் கிரிக்கெட் குட்டிச்சுவரானது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இந்தக் காலத்துக்கு அதுதான் சரி என்றார் இருளப்பன். அவரும் அதுதான் சரி என்றார். பொறுக்க முடியாமல், என்ன இருந்தாலும் டெஸ்ட் மேட்ச் மாதிரி வராது என்று விட்டார்.

"எங்கங்க வரும்? அதுதாங்க ஆட்டம்" என்றார் அந்த மனிதர்.

இருளப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவர் கருத்துக்கு முதல் தடவையாக ஓர் ஆள் ஆமாம் போடுகிறார். சத்தியமாவது ஒன்றாவது, வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. தெருச் சாக்கடைக் கானுக்குள் சோறு கட்டுகிற லன்ச் ஷீட்டைப் போடுகிறவர்களால்தான் கொட்டாஞ்சேனையில் வெள்ளம் என்றார். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியாகக் கடற்கரையில் போட்டோ பிடிப்பது பைத்தியக்காரத்தனம் என்றார். எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க. உள்ளே தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஜெயராணி, புருஷன் கையை வீசி வீசிப் பேசுவதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த உற்சாகத்தில் இருளப்பன் சொல்லவே கூடாததையும் சொல்லிவிட்டார். "பொண்ணையும் குடு, வெள்ளவத்தையில வீடும் எழுதிக் குடுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கிறது பெரிய அநியாயமுங்க."

சொன்ன பிறகுதான் ஐயோ என்றிருந்தது. காலையில் கையைப் பிடித்த மேனகாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. நாலாவதும் போச்சு என்று நினைத்தார்.

அந்த மனிதர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருளப்பனின் இரண்டு கையையும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த வார்த்தைய உங்க வாயால கேக்க நான் குடுத்து வச்சிருக்கணுமுங்க."

இப்படியும் ஒரு தங்கமான சம்பந்தி உண்டா என்று இருளப்பனுக்கும் அழுகை வந்துவிட்டது. கல்யாணம் முடிந்த மாதிரிதான். பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்று அவர் வாயால் ஒரு சொல் வர வேண்டியதுதான் மிச்சம். ஆயத்தமாக இருக்கச் சொல்லி ஜெயராணிக்குக் கண்ணைக் காட்டினார்.

அந்த மனிதரும் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து கேட்டார்.

"மகன எப்பங்க கூப்பிடுவீங்க? எம் மக அரை மணித்தியாலமா அங்க நிக்கிறா."