ஒரிஜினல் படம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, கேட்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் உனைசி. ஆனால் லம்பாசா ஊரிலுள்ள சங்க அலுவலகத்தில் நுழைந்ததும் எல்லாம் மறந்து கத்திவிட்டாள்.

"ஏம்மா தொரிகா, என் பாய் மேல உனக்கு என்ன கோபம்?"

பிஜித் தீவுகள் பூராவும் பாய் முடையும் பெண்களுக்குச் சங்கம் ஒரு வெப்சைட் நடத்துகிறது. அதில் படங்களைச் சரிசெய்து ஏற்றுவது தொரிகாவின் வேலை.

"என்னக்கா ஆச்சு?"

"எவ்வளவு பெரிய படம் அனுப்பினாலும் சுருக்கிடுற! சிவப்பும் மஞ்சளுமா நூல் ஓரம் மட்டும்தான் தெரியுது. பின்னலே தெரியல!"

"பெரிய படம் திறக்க நேரமாகும்க்கா. நம்ம நெட்டு ஊர்ந்துதானே வருது? அதுக்குள்ள வந்தவங்க போயிடுவாங்க."

"பாய் வாங்க வந்தவரை நீயே விரட்டிட்டியாமே! ஒரிஜினல் படம் கேட்டாராம், கிடையாதுன்னியாம். மூணு மாச உழைப்புடி அது!"

புருஷனிடம் அடிபட்டு, ஒரு மூட்டைத் துணியோடு தவேயுனித் தீவிலிருந்து உனைசி கப்பலேறி மூன்று வருஷம். எங்கே இருக்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இங்கேயும் யாரிடமும் அந்தக் கதையைச் சொன்னதில்லை. பாய் விற்றால்தான் சோறு.

தொரிகா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவர் விலை கேக்கலக்கா. எத்தனை அடின்னும் கேக்கல. ஒரிஜினலை அனுப்பு, ஒரிஜினலை அனுப்புன்னு மூணு தடவை எழுதிட்டார். பாய் வாங்கறவருக்கு அது எதுக்கு?"

"எதுக்காம்?"

"போன்ல எடுக்கிற படத்துக்குள்ள, எந்த இடத்துல எடுத்ததுன்னு மறைவா பதிஞ்சிருக்கும். அதை வெச்சு உங்க வீட்டு வாசலுக்கே வந்துடலாம். சுருக்கும்போது அதையும் அழிச்சிடுவேன். யார் படமா இருந்தாலும்."

உனைசி மேஜைப் பக்கம் குனிந்தாள்.

"அவர் பேரு?"

"எப்பேலி."

மூன்று வருஷமாக அவள் காதில் விழாத, புருஷனின் பேர். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இதுவரைக்கும் போட்ட படத்துல?"

"ஒண்ணுலயும் ஊர் இல்லக்கா."



"தொரிகா... இன்னும் கொஞ்சம் சுருக்கிடேம்மா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"முதல்ல இதுல அந்த இடம் பதியறதை நிறுத்து."

திரும்பும் வழியில் நூல்கடையில் இறங்கினாள். எப்பேலிக்கு அடையாளம் தெரிந்த சிவப்பையும் மஞ்சளையும் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த பாயின் ஓரத்துக்கு நீல நூலாகப் பார்த்து வாங்கினாள்.