கொடிக்கு இந்தப் பக்கம்

"ஏம்மா டீச்சரம்மா, என் நிலத்துல சோளம் வெளையுதா, பணம் வெளையுதா?"

டெல்மர் குரோட்டி இப்படி ஆரம்பித்தபோது வாக்குப்பதிவு முடியக் கொஞ்ச நேரமே இருந்தது.

பதில் சொல்லக் கூடாது என்றுதான் லொரெட்டா நினைத்தாள். தீயணைப்பு நிலையத்துக்குள்ளே ஓட்டு நடக்கிறது. வாசலிலிருந்து நூறடி தள்ளி ஒரு சின்னக் கொடி நட்டிருக்கிறார்கள். ஓட்டுப் போடுகிறவர் தாண்டலாம், கேட்கிறவர் தாண்டக் கூடாது. காலையிலிருந்து இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவள் பலகையில் 'பள்ளி வரிக்குச் சரி'. அவர் பலகையில் 'வேண்டாம்'.

டெல்மருக்கு வாய் சாப்பிட மட்டும்தான் என்பார்கள் ஊரில். நாள் முழுக்க முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கும் நிலத்துக்கும் போடும் வரியில்தான் இங்கே பள்ளிக்கூடம் ஓடுகிறது. ஏற்றுவதென்றால் ஊரைக் கேட்க வேண்டும். மே மாதம் கேட்டார்கள். மூன்றே ஓட்டில் தோற்றுப் போயிற்று. இந்தத் தடவையும் போனால் பள்ளிக்குப் பூட்டுதான். லொரெட்டாவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.

அன்றைக்கு ஊர் அவளை மனுஷியாகவே மதிக்கவில்லை. ஒருவன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். ஒருத்தி, "கோடை முழுக்க லீவு, இதுல சம்பளம் வேறயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எல்லோருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என் காசுல படிச்ச பயலுங்கள்ல ஒருத்தனாவது இங்க இருக்கானா?" என்றார் டெல்மர். "எல்லாம் கொலம்பஸ் பட்டணத்துக்குப் பறந்துட்டானுங்க."

"உங்க மகனுந்தான் பறந்தான். அவன் என்ன வானத்துலயா படிச்சான்?"

"அதத்தான் நானும் சொல்றேன். படிக்க வச்சேன், போயிட்டான். அதுக்கு நான் இன்னும் காசு அழணுமா?"

அவ்வளவுதான். அடக்கிவைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. மழை பெய்தால் வகுப்பில் வாளி வைப்பதை, பனிக்காலத்தில் பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் கணக்குப் போடுவதை, படம் வரையச் சொல்லித்தர ஆள் இல்லாததை, எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு கார்கள் வந்தன. பலகையைத் தூக்கிக் காட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"முன்ன ஒரு தடவ கூரைக்குக் குடுத்தோமே, அது எங்க போச்சு?"

அதையும் விளக்கினாள்.

"கால்பந்து மைதானத்துக்கு மட்டும் புது விளக்கு எப்படி வந்துச்சாம்?"

அது நன்கொடை, வரிப்பணம் இல்லை என்றாள். யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசாயிற்று. அன்று முழுக்க ஒருவரும் அவள் பேச்சை இவ்வளவு நேரம் கேட்கவில்லை. கிழவர் இளகுகிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சரி, அந்த வாளி விஷயத்த இன்னொருக்கா சொல்லு" என்றார்.

பாதி சொல்லியிருப்பாள். தீயணைப்பு நிலையத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்று, "வாக்குப்பதிவு முடிஞ்சுது!" என்று சத்தமாக அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

டெல்மர் எழுந்தார். நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றாள் லொரெட்டா.

"போதும்மா. எனக்கு ஆக வேண்டியது ஆயிடுச்சு." இரண்டடி வைத்தவர் திரும்பினார். "கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்ன. நானும் பொழுதன்னிக்கும் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ எப்பம்மா ஓட்டுப் போட்ட?"

அவள் போடவில்லை. கூட்டம் குறையட்டும், கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று காலையில் நினைத்திருந்தது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.