கூண்டு இருந்த இடம்

சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றக் கழகத்தில் மதிவதனிக்கு அது முதல் வழக்கு. நோயாளியைச் சாகவிட்ட நர்ஸாக நடித்த ஹாஸ்டல் தோழி ரெஜினா, கேண்டீன் பெஞ்சுகளை அடுக்கிச் செய்த கூண்டில் நின்றாள். மதிவதனியின் குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்விக்கும் மடங்கவில்லை. தோற்கப்போகிறோம் என்றானதும் மதிவதனி வழக்குத் தாளில் இல்லாததைக் கேட்டாள்.

“கூப்பிட்டது காதுல விழுந்தும் தூங்குற மாதிரி படுத்திருந்தீங்க, இல்லையா?”

தன் அப்பா இறந்த இரவைப் பற்றி ரெஜினா அவளிடம் மட்டும் சொல்லி அழுத வார்த்தைகள் அவை.

“ஆமா” என்றாள் ரெஜினா.

என்ன நடிப்பு என்று கைதட்டினார்கள். மதிவதனி கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பியபோது பெஞ்சுகளைத் தூக்கிப் போயிருந்தார்கள். கூண்டு இருந்த இடத்தில், இல்லாத கட்டையைப் பற்றியபடி ரெஜினா இன்னும் நின்றிருந்தாள்.

“முடிஞ்சிருச்சு, வாடி” என்றாள் மதிவதனி.

“வேற கேள்வி இருக்கா, மேடம்?”